“இவருக்குப் போடுங்க” என்று சொன்னால் ஜனங்கள் போடுவார்களா?

இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் குடிநீர், போஷாக்கு, சேமலாப நிதி என்று எழுதி வருகிறோம். இம்முறை பாடம் கொஞ்சம் வேறு. படித்துவிட்டு லயத்தில் நாலு பேர் கூடிப் பேசினால் நமக்குச் சந்தோஷம்.

தேர்தல் காலம் வந்துவிட்டால் பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை விட வரும் அம்மாமார் நம்மிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். “ஐயா, நீங்க நாலு எடத்துக்குப் போய் வர்றவங்க. யாருக்குப் போடலாம்னு சொல்லுங்களேன்.” கேட்டவரே அடுத்த மூச்சில், “எவன் வந்தாலும் நமக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல” என்றும் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்குவார். ரேடியோ சொல்வதை அவர் நம்புவதில்லை. பேப்பரில் வருவதையும் நம்புவதில்லை. அரசாங்கக் கடிதம் வந்தால் அதில் ஏதோ சூது இருக்கும் என்றுதான் நினைக்கிறார். இப்படி ஒன்றையும் நம்பாத ஒருவரிடம் ஒரு பெரியவர், “இன்னாருக்குப் போடு” என்று சொன்னால் அது எடுபடுமா? இதுதான் இன்றைய பாடம்.

ஒரு கட்சியோ, சங்கமோ, பத்திரிகையோ, சினிமா நடிகரோ “எங்கள் ஆதரவு இவருக்கு” என்று வெளிப்படையாகச் சொல்வதை ஆதரவு அறிக்கை என்பார்கள். நம்ம நாட்டில் ஜனாதிபதித் தேர்தல் வந்தால் இந்த அறிக்கைகளுக்குப் பஞ்சமே இல்லை. தமிழர் வெல்லக்கூடிய தேர்தல் அது இல்லை என்பதால், நம்முடைய கட்சிகள் எல்லாம் யாரோ ஒருவருக்குக் கை காட்டுவதையே பெரிய வேலையாகச் செய்கின்றன.

2024 செப்டெம்பரில் ஒரு வதிவிடப் பயிற்சிக்காக நாம் மட்டக்களப்புக் கல்லடிக்குப் போயிருந்தோம். தேர்தலுக்குப் பத்து நாள்கூட இல்லை. பின்னேரங்களில் பழைய பாலத்துப் பக்கம் நடப்போம். லேடி மன்னிங் பாலம் என்று வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. 2013ல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்த பிறகு, வாகன இரைச்சல் இல்லாமல் வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்க அது நல்ல இடம். மீன் பாடும் என்று சொல்கிறார்களே, அந்த இடமும் அதுதான். நமக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு வாகனம் போனால் இந்தப் பக்கம் இன்னொன்று என்று ஒலிபெருக்கிச் சத்தம்தான் கேட்டது.

அங்கே வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். செப்டெம்பர் 1ம் திகதி வவுனியாவில் கூடிய இலங்கைத் தமிழரசுக் கட்சி, சஜித் பிரேமதாசவுக்கு ஆதரவு என்று அறிவித்திருந்தது. அதே கட்சியைச் சேர்ந்த, அதே மட்டக்களப்பு மாவட்டத்து முன்னாள் எம்.பி. பா. அரியநேத்திரன், வேறு தமிழ்க் கட்சிகளும் சிவில் அமைப்புகளும் சேர்ந்து நிறுத்திய பொது வேட்பாளராக நின்றார். பிள்ளையான் என்கிற சிவநேசதுரை சந்திரகாந்தன் ரணில் விக்கிரமசிங்கவின் பக்கம். “இத்தனை பேர் இத்தனை விதமாகச் சொன்னால் நீங்கள் யார் சொல்வதைக் கேட்பீர்கள்?” என்று கேட்டோம். அவர் ஊசியை நிறுத்தாமல், “தம்பி, அவங்க சொன்ன பிறகா நாங்க யோசிக்கிற? நாங்க யோசிச்சி முடிஞ்ச பிறகுதான் அவங்க சொல்ற” என்றார்.

அன்று நாம் இதை ஒரு நையாண்டியாகத்தான் எடுத்தோம். ஊருக்குத் திரும்பி வந்து பழைய தேர்தல் முடிவுகளை எடுத்து வைத்துப் பார்த்தபோது, மனிதர் பாதிக்கு மேல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று பட்டது.

முதலில் கல்லடி மக்கள் ஏன் அரசாங்கத்தையும் செய்தியையும் நம்புவதில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாய் இருந்தவர்களில் 150 பேருக்கு மேல் இராணுவத்தினரால் கொண்டு போகப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அதே மாதம் சத்துருக்கொண்டானில் நடந்ததையும் அந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. அந்த நாட்களில் அரசாங்க வானொலி சொன்னது ஒன்று, ஊரில் நடந்தது இன்னொன்று. அதனால் இராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். 2017ல் அந்த வானொலிச் சேவை நிறுத்தப்பட்டபோது வீட்டில் ஒருவர் போனதுபோல் இருந்ததாக நம்முடன் பயிற்சிக்கு வந்த கல்லடி அம்மா ஒருவர் சொன்னார். மலைநாட்டிலும் 1983 கலவரத்தைக் கண்டவர்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

இப்படிப்பட்ட ஜனங்களிடம்தான் 2010 ஜனவரியில் ஒரு வினோதமான வேண்டுகோள் வந்தது. யுத்தம் முடிந்து எட்டு மாதம்தான். ஒரு பக்கம் மகிந்த ராஜபக்ஷ. மறுபக்கம் அந்த யுத்தத்தை இராணுவத் தளபதியாக நடத்திய சரத் பொன்சேகா. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, பொன்சேகாவுக்குப் போடுங்கள் என்றது. மட்டக்களப்பில் அப்போது அதிகாரம் யார் கையில்? கிழக்கு மாகாண முதலமைச்சர் பிள்ளையான். அமைச்சர் பதவியில் கருணா என்கிற விநாயகமூர்த்தி முரளிதரன். இருவரும் மகிந்தவின் பக்கம். வேலை, வீடு, வீதி எல்லாம் அவர்கள் கையால்தான் வர வேண்டிய காலம். அப்படியிருந்தும் மட்டக்களப்பு மாவட்டத்தில் பொன்சேகாவுக்கு நூற்றுக்கு 69 வரை விழுந்தது. மகிந்தவுக்கு 26.

இதைப் பார்த்து, கூட்டமைப்பு சொன்னது, ஜனங்கள் கேட்டார்கள் என்று சொல்லலாம். ஆனால் கூட்டமைப்பு வாயே திறக்காமல் இருந்திருந்தால் அந்த ஜனங்கள் மகிந்தவுக்கா போட்டிருப்பார்கள்? யோசித்துப் பாருங்கள். பொன்சேகாவின் மேல் ஆசைப்பட்டு யாரும் போடவில்லை. இருக்கிறவர் போகட்டும் என்று போட்டார்கள். கூட்டமைப்பின் அறிக்கை ஒன்றைச் செய்திருக்கலாம். ‘அந்தத் தளபதிக்கா போடுவது’ என்று கூசியவருக்கு, ‘நீ ஒருவன் மட்டும் இல்லை, எல்லோரும் இதைத்தான் செய்யப் போகிறோம்’ என்று தைரியம் கொடுத்திருக்கலாம். மனதை மாற்றுவது ஒரு வேலை. ஏற்கனவே இருக்கிற மனதுக்கு ஒரு துணை கொடுப்பது இன்னொரு வேலை. இரண்டும் ஒன்றல்ல.

2015லும் 2019லும் மட்டக்களப்பில் இதே கதைதான். 2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேனவுக்கு நூற்றுக்கு 81க்கு மேல். 2019 நவம்பரில் சஜித்துக்கு 78க்கு மேல். இரண்டு முறையும் கூட்டமைப்பு சொன்ன பக்கமே ஜெயித்தது.

இனி நம்முடைய பக்கத்துக்கு வருவோம். இங்கேதான் பாடம் உறைக்கும். 2010ல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மகிந்தவுக்கு ஆதரவு. அமைச்சர் பதவியும் பெரிய சந்தாக் கணக்கும் இருந்த சங்கம். நுவரெலியா மாவட்டத்தில் ஜெயித்தது யார்? பொன்சேகா, நூற்றுக்கு 52. 2015ல் காங்கிரஸ் மறுபடி மகிந்தவுடன். திகாம்பரம், இராதாகிருஷ்ணன், மனோ கணேசன் ஆகியோர் சிறிசேனவுடன். மாவட்டத்தில் சிறிசேனவுக்கு நூற்றுக்கு 64 வரை, மகிந்தவுக்கு 34. 2019ல் காங்கிரஸ் கோட்டாபய ராஜபக்ஷவுடன். நாடு முழுக்க அவர் ஜெயித்தார், நுவரெலியாவில் தோற்றார். 2024ல் காங்கிரஸ் ரணிலுடன். மாவட்டத்தில் முதலில் வந்தவர் சஜித். நாலு தேர்தல், நாலு முறையும் மாவட்டம் வேறு பக்கம் போயிருக்கிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் தமிழர் பாதிக்குச் சற்று மேல்தான். சிங்கள, முஸ்லிம் மக்களின் வாக்கும் இந்தக் கணக்கில் இருக்கிறது. ஆகவே தோட்டத்து வாக்கு எவ்வளவு எந்தப் பக்கம் விழுந்தது என்று இந்த எண்ணை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. இன்னொன்று, ரணிலுக்கும் 2024ல் நம்ம மாவட்டத்தில் நூற்றுக்கு 29 கிடைத்தது. நாட்டுச் சராசரி 17தான். சங்கத்தின் சொல்லுக்குக் கொஞ்சம் பலன் இருந்திருக்கத்தான் வேண்டும். ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது தப்பு. ஆனால் ‘தலைவர் சொன்னால் தோட்டம் முழுக்க விழும்’ என்று கொழும்பில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள் எப்போதோ இருந்த தோட்டத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படி ஒரு காலம் இருந்தது உண்மை. 1947ல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் வென்றது. அடுத்த வருஷமே வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் முன்னோர் நாடற்றவர் ஆனார்கள். அதற்குப் பிறகு 1977ல்தான் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியில் வாக்கு வாங்கிப் பாராளுமன்றம் போனார். 1986 ஜனவரியில் நடந்த பிரார்த்தனைப் போராட்டம் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வேலையை விட்டுவிட்டுக் கோயிலில் உட்கார்ந்தார்கள். அதைத் தொடர்ந்து நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்கச் சட்டங்கள் வந்தன. அந்த நாளில் தலைவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது ஏன்? அவர் பேச்சுக்குப் பின்னால் அடையாள அட்டை இருந்தது, வாக்கு இருந்தது. சொன்னது கைக்கு வந்தது.

பிறகு வந்ததை ஆயிரம் ரூபாக் கதையில் பாருங்கள். 2015ல் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்று பேச்சு எழுந்தது. 2016 ஒக்டோபரில் கூட்டொப்பந்தம் முடிந்தபோது அடிப்படைச் சம்பளம் 500, எல்லாம் சேர்த்து 730. 2019 ஜனவரியில் அடிப்படை 700. 2020 மார்ச்சிலிருந்து ஆயிரம் என்று அறிவித்தார்கள், அதுவும் நடக்கவில்லை. 2021 மார்ச்சில்தான் வர்த்தமானி வந்தது. அதற்குள் அரிசி விலை எங்கேயோ போய்விட்டது. ஆறு வருஷம் ஒரே எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்த காதுக்கு ஆதரவு அறிக்கை எப்படிக் கேட்கும்?

கடல் தாண்டி ஒரு உதாரணம் சொன்னால் பிள்ளைகளுக்கும் விளங்கும். ரஜினிகாந்தை விரும்பாத லயம் உண்டா? 1996ல் தமிழ்நாட்டுச் சட்டசபைத் தேர்தலில் அவர் ஜெயலலிதாவுக்கு எதிராக, தி.மு.க., த.மா.கா. கூட்டணிக்கு ஆதரவாகப் பேசினார். அந்தக் கூட்டணி வாரிக்கொண்டு போனது. அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது 4 இடம். ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். ரஜினி சொன்னதால்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. எட்டு வருஷம் கழித்து 2004 பாராளுமன்றத் தேர்தல். ‘பாபா’ படத்துக்கு வந்த எதிர்ப்பில் கோபமாயிருந்த ரஜினி, பாட்டாளி மக்கள் கட்சி நிற்கும் 6 தொகுதியிலும் அதற்கு எதிராக வேலை செய்யும்படி ரசிகர்களைக் கேட்டார். அந்தக் கட்சி 6லும் ஜெயித்தது. அதே மனிதர்தான், ரசிகர் கூட்டமும் குறையவில்லை. 1996ல் ஜனங்கள் ஏற்கனவே கொதித்துப் போயிருந்தார்கள், 2004ல் அந்தக் கோபம் ரஜினிக்கு மட்டும்தான் இருந்தது. படம் பார்க்கப் போகிற ஆள் வேறு, வாக்குப் போடப் போகிற ஆள் வேறு. இரண்டும் ஒரே ஆளாக இருந்தாலும்கூட.

அமெரிக்காவிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2016ல் அந்த நாட்டின் பெரிய பத்திரிகைகள் ஏறக்குறைய எல்லாமே ஹிலரி கிளிண்டனுக்கு ஆதரவாக எழுதின. ட்ரம்ப் ஜெயித்தார். பத்திரிகையை நம்பாதவர்களுக்கு, பத்திரிகைகள் எல்லாம் சேர்ந்து ஒருவரைத் திட்டுவதே அவருக்குக் கிடைத்த நற்சான்று மாதிரி ஆகிவிட்டது. கல்லடியில் அதிகாரத்தில் இருந்தவர்களின் ஆதரவு மகிந்தவுக்கு எப்படி உதவவில்லையோ, கிட்டத்தட்ட அப்படித்தான்.

அப்படியானால் யார் சொல்லைத்தான் கேட்கிறார்கள்? 1940ம் ஆண்டு அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் ஈரீ என்ற மாவட்டத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற பேராசிரியரும் கூட்டாளிகளும் ஒரு வேலை செய்தார்கள். ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் பல மாதம், மாதாமாதம் ஒரே ஆட்களிடம் திரும்பத் திரும்பப் போய், யாருக்குப் போடப் போகிறாய், யாரிடம் பேசினாய் என்று கேட்டார்கள். ரேடியோவும் பத்திரிகையும்தான் ஆட்டி வைக்கும் என்று நினைத்துத்தான் போனார்கள். கண்டது வேறு. ரேடியோவால் மனம் மாறியவர்கள் கொஞ்சம் பேர்தான். அதைவிட மச்சான், பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்பவர் என்று தெரிந்தவர் வாயால் கேட்டதற்கே வலு அதிகம். செய்தியை அக்கறையாய்க் கேட்கிற ஒருவர் ஊரில் இருப்பார், அவர் சொல்வதை மற்றவர் கேட்பார். நம்ம தோட்டத்தில் அந்த ஆள் யார்? கொழுந்து நிறுக்கக் காத்திருக்கும்போது, பீலிக்கரையில், கோயில் திண்ணையில் யார் பேச்சுக்கு எல்லோரும் தலையாட்டுகிறார்களோ அவர்தான். அவருக்கு ஒரு பதவியும் இருக்காது. பெரும்பாலும் ஒரு அக்காவாகத்தான் இருப்பார்.

இங்கே நம்முடைய சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2019 தேர்தலின்போது அந்த அம்மாமார் கேட்ட கேள்விக்கு நாம் பதில் சொல்லிவிட்டோம். இன்ன பக்கத்துக்குப் போட்டால் ஆயிரம் ரூபா நிச்சயம் என்று, பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று, பெரிய விஷயம் தெரிந்தவர் மாதிரிச் சொன்னோம். யாரும் மறுத்துப் பேசவில்லை. தேர்தல் முடிந்த பிறகு காதில் விழுந்த பேச்சை வைத்துப் பார்த்தால், நாம் சொன்னதைக் கேட்டு யாரும் மாற்றிப் போட்டதாகத் தெரியவில்லை. போட நினைத்தவர்கள் போட்டார்கள், மற்றவர்கள் சிரித்துக்கொண்டார்கள். காசு மட்டும் சொன்ன நாளில் வரவில்லை.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. 2021ல் கொரோனாத் தடுப்பூசி வந்தது. லயம் லயமாகப் போய், இன்ன நாள் இன்ன இடத்தில் ஊசி, பயப்படாமல் வாருங்கள் என்று சொன்னோம். பள்ளத்து லயத்தில் ஒரு பாட்டி, வயது எழுபதுக்கு மேல், மூச்சிழுப்பும் உண்டு. வாசற்படியிலேயே உட்கார்ந்தபடி, “ஆயிரம் ரூவாயையும் நீங்கதானங்கய்யா சொன்னீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதுதான் வலித்தது. முதல் நாள் அந்த லயத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. குடும்பநல மருத்துவிச்சி அம்மா போய்ப் பேசிய பிறகே வந்தார்கள். அந்த அம்மா பதினைந்து வருஷமாக அந்த லயத்துப் பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கிறவர். ஒரு நாளும் யாருக்குப் போடு என்று வாய் திறந்ததில்லை.

நமக்கு நடந்தது உலகத்தில் பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது என்று பின்னால் படித்தபோது கொஞ்சம் ஆறுதல். ‘நேச்சர்’ என்பது விஞ்ஞானிகள் மதிக்கும் பெயர்பெற்ற சஞ்சிகை. 2020ல் அது ஜோ பைடனுக்கு ஆதரவு என்று எழுதியது. மறு வருஷம் புளோய்ட் ஜாங் என்ற ஆராய்ச்சியாளர் 4,260 பேரை வைத்துப் பரீட்சித்துப் பார்த்தார். சிலருக்கு அந்த ஆதரவுச் செய்தியைக் காட்டினார், சிலருக்குக் காட்டவில்லை. ட்ரம்ப் ஆதரவாளர்கள் அதைப் பார்த்து பைடன் பக்கம் சாயவில்லை. ஆனால் அந்தச் சஞ்சிகையின் மேல் இருந்த நம்பிக்கை அவர்களிடம் நன்றாகக் குறைந்துவிட்டது. கொரோனா ஊசி பற்றி அது எழுதியதைப் படிக்கத் தரட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றவர்கள் கூடினார்கள். 2023ல் வெளிவந்த ஆய்வு இது. அதைப் படித்ததும் பள்ளத்து லயத்துப் பாட்டிதான் நினைவுக்கு வந்தார். வாக்கில் ஒன்றும் மாறவில்லை, ஊசியில் மாறிவிட்டது.

சொல் எடுபடாத இடத்தில் சிலர் பயத்தைக் கொண்டு வருவார்கள். 2005ல் விடுதலைப் புலிகள் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னபோது யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 1 பேர் அளவுதான். கருணா பிரிந்துபோயிருந்த மட்டக்களப்பில் ஏறக்குறையப் பாதிப்பேர் போட்டார்கள். மகிந்த ஜெயித்தது 180,786 வாக்கு வித்தியாசத்தில். அங்கே வேலை செய்தது சொல் அல்ல, சொல்லுக்குப் பின்னால் இருந்தது. நம்ம தோட்டங்களில் துப்பாக்கி இல்லாவிட்டாலும் தகரமும் வீட்டுப் பட்டியலும் இருக்கிறது. “யார் யார் போட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியும்” என்று எங்கேயோ ஒரு தலைவர் மிரட்டியதைக் கேட்டிருப்பீர்கள். அவருக்குத் தெரியாது. வாக்குச்சீட்டில் உங்கள் பெயர் இல்லை. பல வாக்குச் சாவடிப் பெட்டிகளை ஒரு மண்டபத்தில் சேர்த்து எண்ணுகிறார்கள். முடிவு தேர்தல் தொகுதி வாரியாக வருகிறது, லயம் வாரியாக வருவதில்லை.

அறிக்கை விடுகிறவர்கள் சொல்லித் தராத விஷயமும் ஒன்று உண்டு. ஜனாதிபதித் தேர்தலில் உங்களுக்கு மூன்று விருப்பு உண்டு. முதல் விருப்பத்துக்கு 1 போட்டு, வேண்டுமானால் அடுத்தவர்களுக்கு 2, 3 போடலாம். ஒருவருக்கு மட்டும் புள்ளடி போட்டாலும் செல்லும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளை எடுத்து, அதில் அந்த இருவருக்கு 2, 3 இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2024ல்தான் முதல் தடவையாக அது நடந்தது. அநுர குமார திசாநாயக்க, சஜித் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த வாக்கு 33 லட்சம். அதில் இரண்டாவது எண்ணிக்கையில் பயன்பட்டது 2 லட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. முப்பது லட்சம் பேர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள், அல்லது அந்த இருவருக்கும் விருப்பு இடவில்லை. நம்ம சங்கங்களின் துண்டுப்பிரசுரங்களில் சின்னத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். 2, 3 என்று போடலாம் என்பதை நாம் பார்த்த ஒன்றிலும் காணவில்லை.

2024 முடிவுகளைப் பற்றி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறோம். கல்லடி முதியவரின் மாவட்டத்தில் சஜித்துக்கு நூற்றுக்கு 44 வரை, ரணிலுக்கு 29 வரை. அந்த மண்ணின் மனிதரான அரியநேத்திரனுக்கு 12 வரை. அவருக்கு யாழ்ப்பாணத்தில் 31 கிடைத்தது. முன்பெல்லாம் ஒரே குரலாய் 70, 80 விழுந்த மட்டக்களப்பு, அறிக்கைகள் சிதறியபோது தானும் சிதறியது. ஆகவே முதியவர் சொன்னதில் ஒரு பாதியை நாம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் ஒன்றாகச் சொல்லும்போது அது ஜனங்களின் மனதை உண்டாக்குவதில்லை, ஆனால் கட்டி வைக்கிறது. கட்டு அவிழ்ந்தால் சிதறல் வெளியே தெரிகிறது.

அதே வருஷம் நவம்பர் 14ல் பொதுத் தேர்தல். நுவரெலியாவின் 8 ஆசனத்தில் 5 தேசிய மக்கள் சக்திக்கு. மலையகத்தின் பெரிய சங்கம் ஒன்றும் அவர்களுக்குப் போடச் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் இதே மாவட்டத்தில் அநுரவுக்கு நூற்றுக்கு 22தான். வென்றவரோடு போய்ப் பார்ப்போம் என்ற எண்ணம் பாதி, பழையவர்களின் மேல் சலிப்பு பாதி என்று நாம் நினைக்கிறோம். வாட்ஸ்அப்பில் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டியதும் சேர்ந்திருக்கும். மட்டக்களப்பு மட்டும் தமிழரசுக் கட்சிக்கு 3 ஆசனம் கொடுத்தது. நாட்டில் தேசிய மக்கள் சக்தி முதலாவதாக வராத ஒரே மாவட்டம் அதுதான். ஜனாதிபதித் தேர்தலில் கட்சி கை காட்டியவருக்கு 44 மட்டும் கொடுத்த அதே ஜனங்கள், தங்கள் ஊர்ப் பிள்ளைகள் நேரே வந்து நின்றபோது கட்சியைக் கைவிடவில்லை. கை காட்டுவது வேறு, வந்து நிற்பது வேறு போலும்.

கல்லடியிலிருந்து திரும்பிய மறுநாளே, தேர்தலுக்கு ஒரு கிழமைகூட இல்லாத நேரத்தில், பிள்ளைக் காம்பரா வாசலில் அதே கேள்வி வந்தது. “இந்த வாட்டி யாருக்குங்கய்யா?” இந்த முறை நாம் பெயர் சொல்லவில்லை. ஒரு பழைய அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதில் வாழை, மா, பலா, கொய்யா என்று நாலு பழத்தை வரைந்து, மாதிரி வாக்குச்சீட்டு என்று வைத்தோம். 1, 2, 3 எப்படிப் போடுவது, எது செல்லாமல் போகும் என்று ஆளுக்கு ஒருமுறை போட்டுப் பழக்கினோம். வாழைக்கும் பலாவுக்கும் பெரிய சண்டை. பலாதான் ஜெயித்தது, அதுவும் இரண்டாவது எண்ணிக்கையில்.

பேரனைக் கூட்டிப் போக வந்த பள்ளத்து லயத்துப் பாட்டி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு கிட்டே வந்து, தானும் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டார். போட்டார். பிறகு மடியிலிருந்து நாலாய் மடித்த ஒரு கடிதத்தை எடுத்தார். அவர் மகனின் சேமலாப நிதி சம்பந்தமாக வந்தது. மேல் ஓரத்துத் திகதியைப் பார்த்தோம், வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

“இத கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்கய்யா” என்றார்.